பழைய பேய், புதிய பேய்: எது இன்னும் தூக்கத்தைக் கெடுக்கிறது?

பழைய திகில் படத்தைப் போட்டுவிட்டு 'இதுக்கா அப்போ பயந்தாங்க?' என்று சிரிப்பவர்களில் பலர் பார்த்தது சரியான பிரதியே அல்ல. ஜெர்மன் இயக்குநர் முர்னாவ் 1922-ல் எடுத்த 'நோஸ்ஃபெராட்டு'வையே எடுத்துக்கொள்ளுங்கள். இரவுக் காட்சிகளைப் பகலில் எடுத்து, பிரதியில் நீலச் சாயம் ஏற்றி இரவாக்கியிருந்தார்கள். இணையத்தில் சும்மா கிடைக்கும் பல பிரதிகளில் அந்தச் சாயம் இருக்காது. வெயில் பட்டால் அழிந்துபோகும் ரத்தக்காட்டேரி, பட்டப்பகலில் சவப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு தெருவில் போகிறது. சிரிக்காமல் என்ன செய்வது?

வேகமும் ஒரு கோளாறு. மௌனப் படங்கள் பலவும் நொடிக்கு 24 ஃபிரேமுக்குக் குறைவாக எடுக்கப்பட்டவை. 18 ஃபிரேமில் எடுத்ததை 24-ல் ஓட்டினால் வேகம் மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும், பேய் குடுகுடுவென்று ஓடும். ஓடும் நேரம் 90 நிமிடத்தைத் தாண்டுகிற, சாயம் ஏற்றிய பிரதியைத் தேடுங்கள். மாடிப்படிச் சுவரில் ஏறும் நிழல் அப்போதுதான் தன் வேலையைக் காட்டும்.

அடுத்தது ஜம்ப் ஸ்கேர், அதாவது திடீரென்று ஒரு சத்தமோ உருவமோ வந்து துள்ள வைக்கும் உத்தி. புதுப் படங்களின் வியாதி என்று திட்டுகிறோம், ஆனால் அதன் தொடக்கம் 1942-ல் வந்த 'கேட் பீப்பிள்'. இரவில் ஒருத்தி தனியாக நடக்கிறாள், பின்னால் இன்னொருத்தியின் ஹீல்ஸ் சத்தம். டக், டக், டக். திடீரென்று பின்னால் வந்த சத்தம் மட்டும் நின்றுவிடுகிறது. அவள் திரும்பிப் பார்க்கிறாள், ஒன்றுமில்லை. அந்த நேரம் பார்த்து வலப்பக்கமிருந்து மிருகம் சீறுவதுபோல் ஒரு சத்தம், கூடவே ஒரு பேருந்து ஃபிரேமுக்குள் புகுந்து நிற்கிறது. தயாரிப்பாளர் வால் லூட்டன் பெயரில் இந்த உத்திக்கு 'லூட்டன் பஸ்' என்றே பெயர் நிலைத்துவிட்டது. அதிர வைப்பது பேருந்துதான், ஆனால் அதற்கு வழி செய்து கொடுத்தது நின்றுபோன அந்தக் காலடிச் சத்தம்.

இப்போது வரும் படங்களில் பாதிக்கு இது பிடிபடவில்லை. மௌனம், திரும்பிப் பார்த்தால் யாருமில்லை, ஒரு பெருமூச்சு, உடனே டமால். திடீர்ச் சத்தத்துக்கு உடம்பு துள்ளுவது வெறும் அனிச்சை. பட்டாசு வெடித்தாலும் துள்ளும். அதே தாளத்தில் நாலாவது தடவை வரும்போது பார்ப்பவர் மனதுக்குள் எண்ண ஆரம்பித்துவிடுகிறார். 1990-ல் வந்த மூன்றாவது 'எக்ஸார்சிஸ்ட்' படத்தின் மருத்துவமனைக் காட்சி இந்த எண்ணிக்கையைத்தான் குலைக்கிறது. தாழ்வாரத்தின் ஒரு கோடியில் கேமரா அசையாமல் நிற்கிறது, நர்ஸ் போகிறாள், வருகிறாள். நடுவில் ஒரு பொய்ப் பயம் வந்து போகிறது. பிறகும் கேமரா அசையவில்லை. சலிப்புத் தட்டி நாம் கவனத்தைத் தளர்த்தும்போது, வெள்ளை உடுத்திய உருவம் கத்தரியுடன் அவள் பின்னாலேயே வந்துவிடுகிறது. 2013-ன் 'கான்ஜூரிங்'கில் கைதட்டல் வேலை செய்வதற்குக் காரணமும் கிட்டத்தட்ட இதுதான்: கண்ணைக் கட்டிக்கொண்டு, கைதட்டும் திசையில் தேடும் ஆட்டத்தை முன்பே காட்டிவிடுவதால், அடுத்த தட்டலை நாமே காது கொடுத்துத் தேடுகிறோம்.

என்னைக் கேட்டால், காலம் கடந்தும் பயமுறுத்தும் படங்கள் எல்லாம் நம்மைத் தேட வைப்பவைதான். 1961-ன் 'தி இன்னசன்ட்ஸ்' படத்தில் நல்ல பகலில், ஏரிக்கு அக்கரையில், நாணல்களுக்கு நடுவே ஒரு பெண் நிற்கிறாள். நிற்கிறாள், அவ்வளவுதான். 2018-ன் 'ஹெரிடிட்டரி'யில் படுக்கையறையின் மேல்மூலை இருட்டில் ஓர் உருவம் சுவரோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. இசை அதிர்ந்து அதைக் காட்டிக்கொடுப்பதில்லை. திரையரங்கில் ஒவ்வொருவர் கண்ணுக்கும் ஒவ்வொரு நேரத்தில் அது தட்டுப்படும். நடுவில் 57 வருடம், வித்தை ஒன்றே.

ஒரே கதை இரண்டு முறை படமானால் ஒப்பிடுவது இன்னும் சுலபம். 'தி ஹான்டிங்' 1963-ல் ராபர்ட் வைஸ் கையில் பேயே காட்டாத படம். கதவை வெளியிலிருந்து எதுவோ இடிக்கும் சத்தம், கைப்பிடி திரும்புகிறது, பிறகு மரக்கதவு மூச்சு விடுவதுபோல் உள்நோக்கிப் புடைக்கிறது. லென்ஸ் நிறுவனம் இன்னும் முழுமையாக்காத 30 மி.மீ. லென்ஸை, குறை இருப்பது தெரியும் என்று எழுதிக்கொடுத்து வாங்கிப் பயன்படுத்தினார் வைஸ், அந்த வீட்டின் சுவர்கள் லேசாகக் கோணுவதற்காக. 1999 பதிப்பில் கிராபிக்ஸ் எல்லாவற்றையும் எழுப்பிக் காட்டிவிடுகிறது. பழசாகிப்போனது பின்னால் வந்த படம்தான்.

எல்லாப் பழைய காட்சியும் தப்பிப்பதில்லை. 1973 'எக்ஸார்சிஸ்ட்'டின் சுழலும் தலை இப்போது பொம்மையாகத்தான் தெரிகிறது. ஆனால் அதே படத்தில் கழுத்தில் ஊசி குத்தி ரத்தம் பீறிடும் மருத்துவப் பரிசோதனைக் காட்சியில் இன்றும் பலர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். 'சைக்கோ'வின் குளியலறைக் கொலை எல்லாருக்கும் தெரிந்த கதை. அதற்குப் பிறகு, கார் சதுப்பில் அமிழ்ந்துகொண்டிருக்கும்போது நடுவில் சில நொடி நின்றுவிடுமே, அங்கே 'முங்கிடு, முங்கிடு' என்று மனம் குற்றத்தை மறைப்பவன் பக்கம் சாய்கிறது. ஹிட்ச்காக் வைத்த நிஜமான கண்ணி அது. 1998-ன் ஜப்பானியப் படம் 'ரிங்கு'வில் சாபம் பரப்பும் வீடியோ கேசட் காலாவதியாகிவிட்டது, அதில் வரும் பேய் சடாகோவின் நடை ஆகவில்லை. நடிகை பின்னோக்கி நடந்ததைப் படமெடுத்துத் திருப்பி ஓட்டியிருக்கிறார்கள். மனித உடம்பு எடையை இறக்கும் வரிசையே தலைகீழ், கண் அதை ஏற்க மறுக்கிறது.

வீட்டில் பார்ப்பதாக இருந்தால் முதலில் டிவியின் மோஷன் ஸ்மூத்திங்கை (அசைவைச் செயற்கையாக வழவழப்பாக்கும் அமைப்பு) நிறுத்துங்கள், அது எந்தப் படத்தையும் சீரியலாக்கிவிடும். படத்தை 'விவிட்' முறையிலிருந்து 'சினிமா' முறைக்கு மாற்றுங்கள். அறை விளக்கு எரிந்தால் 'ஹெரிடிட்டரி'யின் அந்த மூலை வெறும் கறுப்பு, குறைந்த தரத்தில் ஸ்ட்ரீம் செய்தால் இருட்டு கட்டம் கட்டமாக உடையும். சவுண்ட்பாரில் 'நைட் மோட்' இருந்தால் அணைத்துவிடுங்கள், கிசுகிசுப்பையும் அலறலையும் ஒரே உயரத்துக்குக் கொண்டுவருவதுதான் அதன் வேலை. கிசுகிசுப்பு தெளிவாகக் கேட்கும் அளவில் ஒலியை வைத்தபின் ரிமோட்டைத் தூரமாக வைத்துவிடுங்கள்.

கைபேசியையும்தான். 2014-ன் 'இட் ஃபாலோஸ்' படத்தில் துரத்துவது நடந்துதான் வரும், பெரும்பாலும் ஃபிரேமின் பின்புறத்தில், யாரும் சுட்டிக்காட்டாமல். ஐந்து நொடி குனிந்து மெசேஜ் பார்த்தால் அது வந்ததே தெரியாது, 'ஒண்ணுமே இல்லையே' என்று எழுந்து போய்விடுவீர்கள்.