ஆப் எண்ணிக்கையும் ஆட்களும்

புதிய மொபைல் தளங்களுக்கு (ஆண்ட்ராய்டு போன்ற போன் இயங்குதளங்களுக்கு) ஆப் எழுதும் டெவலப்பர்களைச் சேர்ப்பதுதான் பல வருடங்களாக என் வேலை. எந்தத் தளமாக இருந்தாலும் முதல் கூட்டத்திலேயே ஒரு கேள்வி வந்துவிடும்: "வெளியீட்டு நாளில் எத்தனை ஆப் இருக்கும்?" இரண்டு வருடம் கழித்து எத்தனை டெவலப்பர்கள் நம்மோடு இருப்பார்கள் என்று கேட்பவர்கள் குறைவு. நான் அதைத்தான் கேட்கிறேன், கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.

ஆப்களைப் பணம் கொடுத்து வரவழைக்க முடியும். பிளாக்பெர்ரி 10 என்ற தளம் அதைப் பெரிய அளவில் செய்தது. தரச் சோதனையில் தேறிய ஆப் முதல் வருடத்தில் 1,000 டாலராவது ஈட்டினால், 10,000 டாலருக்கு எவ்வளவு குறைகிறதோ அதை நிறுவனமே கொடுக்கும் என்றார்கள். 2013 ஜனவரியில், இரண்டு நாளுக்கும் குறைவான நேரத்தில், சுமார் 15,000 ஆப்கள் வந்து சேர்ந்தன. அந்த முறை, ஏற்கப்பட்ட ஒவ்வொரு ஆப்புக்கும் 100 டாலர். ஆண்ட்ராய்டுக்கு எழுதியதையே மறுபடி பொதியாக்கி அனுப்பும் வசதியும் இருந்தது. அப்படி அனுப்புகிறவர் அந்தத் தளத்தைக் கற்க வேண்டியதில்லை. கற்காதவர் அதிலுள்ள பக்கை (நிரல் பிழையை) தோண்டி எடுக்க மாட்டார், அடுத்தவர் சிக்கிக்கொண்டால் கைகொடுக்கவும் அவரால் முடியாது.

ஆனால் அதே குழு செய்த இன்னொரு காரியத்தை நான் எல்லோரிடமும் சொல்வேன். 2012 மே மாத மாநாட்டுக்கு வந்த டெவலப்பர்களுக்கு டெவ் ஆல்ஃபா என்ற சோதனைக் கருவியைக் கொடுத்தார்கள். கடைக்குப் போன் வர இன்னும் பல மாதங்கள் இருந்தன. எமுலேட்டரில் (கணினிக்குள் போனைப் போல நடிக்கும் மென்பொருளில்) எல்லாமே ஓடும். பேட்டரி எவ்வளவு தின்கிறது, நெட்வொர்க் பாதியில் அறுந்தால் என்ன ஆகிறது, கட்டைவிரல் எட்டாத மூலையில் பட்டனை வைத்துவிட்டோமா, இதெல்லாம் கையில் கருவி இருந்தால்தான் தெரியும். சோதனைக் கருவிகள் குறைவாக இருக்கும்போது அவற்றைப் பெரிய நிறுவனங்களுக்கு அனுப்பிவிடுவது வழக்கம். அங்கே அது அலமாரிக்குள் போய்விடும். ராத்திரி உட்கார்ந்து தனியாக எழுதுகிறவரிடம் கொடுத்தால், மறுநாளே பக் பட்டியல் வரும்.

பாரபட்சம் தெரிந்துவிட்டால் கூட்டம் கலைய ஆரம்பிக்கும். 2008-இல் ஆண்ட்ராய்டு போன் எதுவும் விற்பனைக்கு வராத நேரம். மொத்தம் ஒரு கோடி டாலர் பரிசுடன் கூகுள் போட்டி அறிவித்திருந்தது. முதல் சுற்றுக்கே 1,788 ஆப்கள் வந்தன. அப்புறம் புதிய எஸ்டிகே (ஆப் எழுதத் தேவையான மென்பொருள் தொகுப்பு), தேர்வானவர்களுக்கு மட்டும் ரகசியமாகப் போனது ஜூலையில் வெளியே தெரிந்துவிட்டது. மற்றவர்கள் கொதித்தார்கள். பொதுப் பதிப்பு ஆகஸ்டில்தான் வந்தது. பரிசு கிடைக்காததைத் தாங்கிக்கொள்வார்கள். பழைய எஸ்டிகேயோடு விட்டுவிட்டார்கள் என்பதைத் தாங்குவது கடினம்.

மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் போனில் நடந்தது இதைவிட வலிக்கும். விண்டோஸ் போன் 7 கருவிகளுக்கு விண்டோஸ் போன் 8 கிடையாது என்று 2012 ஜூனில் அறிவித்தார்கள். விண்டோஸ் போன் 7-இல் ஓடும் லூமியா 900 வந்து மூன்று மாதங்கள்கூட ஆகவில்லை. பழைய ஆப்கள் புதிய போனில் ஓடின, அது சரி. ஆனால் புதிய ஏபிஐயை (தளத்தின் வசதிகளை ஆப் அழைக்கும் வழியை) நம்பி எழுதினால், இத்தனை நாள் சேர்த்த பயனர்களின் கைக்கு அது போகாது. நண்பர்களிடம் "இந்தப் போனை வாங்கு" என்று சொல்லி வாங்கவைத்த டெவலப்பர் அவர்களுக்கு என்ன பதில் சொல்வார்?

இன்னொரு பக்கம், நிறுவனம் கைவிட்ட பிறகும் கலையாத கூட்டங்கள் உண்டு. 2017-இல் கனோனிக்கல் நிறுவனம் தன் உபுண்டு போன் தளத்தை நிறுத்தியபோது யூபிபோர்ட்ஸ் என்ற குழுவின் தன்னார்வலர்கள் அதை எடுத்துக்கொண்டு நடத்தினார்கள். மூல நிரல் திறந்திருந்ததால் அது முடிந்தது. பாம் நிறுவனத்தின் வெப்ஓஎஸ் தளத்தில் டெவலப்பர் பயன்முறைக்கு (சொந்த நிரலைப் போட்டுப் பார்க்கும் நிலைக்கு) போவதை யாரும் தடுக்கவில்லை. பயனர்களே ஒட்டுகள் (சின்னச் சின்னத் திருத்த நிரல்கள்) எழுதி, ப்ரீவேர் என்ற ஆப் வழியாகப் பகிர்ந்துகொண்டார்கள். பாமை வாங்கியிருந்த ஹெச்பி 2011 ஆகஸ்டில் அந்தக் கருவிகளை நிறுத்திய பிறகும் அந்த வேலை நடந்தது.

என் அனுபவத்தில் இதற்கெல்லாம் அடிப்படை, கேள்விக்கு யார் பதில் சொல்கிறார் என்பதுதான். ஒரு பெண், குறிப்பிட்ட ஒரு மாடலில் மட்டும் படங்கள் பக்கவாட்டில் சாய்ந்து பதிவாகின்றன என்று எழுதியிருந்தார். நான் வழக்கமான பதில் எதுவும் அனுப்பவில்லை. கேமரா பகுதியை எழுதிய பொறியாளரை அழைத்து, நேரடியாக அவருடன் பேசச் சொன்னேன். சென்சார் பொருத்தப்பட்ட கோணத்தை டிரைவர் (கேமராவை இயக்கும் மென்பொருள்) தவறாகச் சொல்கிறது என்று இருவருமாகக் கண்டுபிடித்தார்கள். திருத்தம் வந்த வெளியீட்டுக் குறிப்பில் அந்தப் பெண்ணின் பெயரையும் போட்டோம். அதன்பின் கேமரா பற்றி யார் கேட்டாலும், எங்களுக்கு முன்னால் அவர் பதில் எழுதிவிடுகிறார்.

அடுத்த தளத்துக்கான திட்டத்தில் ஹேக்கத்தான் (ஆப் எழுதும் போட்டி) பரிசுக்கென்று ஒரு தொகை ஒதுக்கியிருக்கிறார்கள். அதில் பாதியைச் சோதனைக் கருவிகளுக்கு மாற்றச் சொல்லியிருக்கிறேன். கூடவே, ஒவ்வொரு பொறியாளரும் வாரத்தில் அரைநாள் வெளியாட்களின் கேள்விகளுக்கே ஒதுக்க வேண்டும் என்றும் எழுதியிருக்கிறேன். முதலாவதை ஒப்புக்கொண்டுவிட்டார்கள். இரண்டாவதற்காக இன்னும் பேசிக்கொண்டிருக்கிறேன்.