பம்பு இல்லாமல் நீர் ஓட: பிடிஎம்எஸ் சில்லின் உட்சுவரை மாற்றிய அனுபவம்

வாயிலில் விடும் ஒரு துளி மாதிரி, பம்பின் துணையின்றித் தானே கால்வாய் முழுவதும் ஓடி நிறைய வேண்டும் என்பதே எங்கள் நுண்பாய்மச் சில்லுக்கு, அதாவது மிக நுண்ணிய கால்வாய்களில் திரவத்தைச் செலுத்தும் சிறு கருவிக்கு, நாங்கள் வைத்த நிபந்தனை. அச்சில் வார்ப்பது எளிது என்பதால் பிடிஎம்எஸ் என்னும் சிலிக்கோன் பாலிமரைத் தேர்ந்தோம். ஆனால் அது நீரை விலக்கும் பொருள். அதன்மேல் நீர்த்துளியின் தொடுகோணம், அதாவது துளியின் விளிம்பு பரப்போடு அமைக்கும் கோணம், ஏறத்தாழ 110 பாகை; 90 பாகைக்கு மேல் போனால் பரப்பு நீரை விலக்குகிறது என்று பொருள். நான்கு சுவர்களும் அப்படியே இருந்தால், 100 மைக்ரோமீட்டர் அகலமும் 50 மைக்ரோமீட்டர் ஆழமும் உள்ள கால்வாயில் நுழைவதற்கே நீருக்குச் சுமார் 1,500 பாஸ்கல் அழுத்தம், அதாவது 15 சென்டிமீட்டர் உயர நீர்நிரலின் அழுத்தம், தேவைப்படும். ஒரு துளியால் அது ஆகாது.

முதலில் ஆக்சிஜன் பிளாஸ்மாவை, அதாவது மின்னாற்றலால் அயனியாக்கப்பட்ட ஆக்சிஜன் வாயுவை, நாடினோம். பரப்பிலுள்ள, நீரை விலக்கும் மெத்தில் தொகுதிகள் நீங்கி நீரை ஈர்க்கும் சிலனால் தொகுதிகள் உருவாவதால், சில்லின் இரு பாகங்களும் நிலையாக ஒட்டுவதோடு சுவரும் நீரை ஏற்கிறது. சாயம் கலந்த நீர் அன்று வளைவுகளிலும் தயங்காமல் ஓடியது. மறுநாள் அதே சில்லின் வாயிலில் நீர் புடைத்து நின்றுவிட்டது. பிணைப்பில் சேராத குட்டைச் சங்கிலி மூலக்கூறுகள் உள்ளிருந்து மேலே வந்து பரப்பை மூடிக்கொள்வதே இதற்குக் காரணம். பிளாஸ்மா நேரத்தைக் கூட்டுவது தீர்வாகாது. கண்ணாடி போன்ற மெல்லிய படலம் உருவாகி வெடித்தால், அந்த விரிசல்கள் வழியே அவை இன்னும் விரைவாக வெளியேறும். கால்வாயை நீரால் நிரப்பி வைத்தால் பண்பு நீடிக்கும் என்றாலும், உலர்ந்த நிலையில் கொடுக்க வேண்டிய சில்லுக்கு அது பொருந்தாது.

நீரில் கரையும் பாலிமரான பாலிவினைல் ஆல்கஹாலின் பூச்சுதான் கைகொடுத்தது. ஒட்டிய சூட்டோடு, சிலனால் தொகுதிகள் குறைவதற்குள், 1 சதவீதக் கரைசலைச் செலுத்திப் பத்து நிமிடம் விட்டு, காற்றால் ஊதி வெளியேற்றி, 110 பாகை செல்சியஸில் சூடாக்கி, இதையே மீண்டும் மீண்டும் செய்தோம். ஊதும் வேலையில் அவசரம் கூடாது. மூலையில் தேங்கிய கரைசல் உலர்ந்தால் கால்வாயின் குறுக்களவே மாறிவிடும். மூடிய கால்வாய்க்குள் தொடுகோணத்தை அளக்க முடியாது என்பதால், ஒரு தட்டையான பிடிஎம்எஸ் துண்டையும் உடன் வைத்து அதே படிகளுக்கு உட்படுத்தி, அதன்மேல் அளந்தோம்.

எனக்கு மிகவும் நிறைவளித்தது இதன் அடுத்த பயன். எதிர்முனையிலிருந்து காற்றழுத்தம் கொடுத்துக் கரைசலைப் பாதி வழியில் நிறுத்தினால், அதற்கு அப்பாலுள்ள சுவர் மெல்லத் தன் நீர்விலக்கும் பண்புக்குத் திரும்புகிறது. பின்னர் வரும் மாதிரி அந்த எல்லையில் தானே நிற்கிறது. பின்னிருந்து போதிய அழுத்தம் கொடுத்தால் மட்டுமே அதைக் கடக்கிறது. அசையும் உறுப்பு எதுவுமின்றி அந்த இடம் எங்களுக்கு அடைப்பிதழாக (வால்வாக) பயன்படுகிறது.