டீக்கு வந்தவர்கள்

லீட்ஸ் நகரில் எங்கள் வீட்டுக்கு முதன்முதலாக விருந்துக்கு வந்த பக்கத்து வீட்டாரை நான் பட்டினி போட்டு அனுப்பினேன். வேண்டுமென்று செய்ததல்ல. ஞாயிற்றுக்கிழமை ஐந்தரை மணிக்கு டீக்கு வாருங்கள் என்று அழைத்திருந்தேன். ஏலக்காய் தட்டிப் போட்ட பால் தேத்தண்ணியும் பருப்பு வடையும் வைத்தேன். குடித்தார்கள், பாராட்டினார்கள், ஆனால் எழுந்து போகவில்லை. ஆறரை ஆயிற்று. மழையைப் பற்றிப் பேசவும் இனி எதுவும் மிச்சமில்லை என்றான பிறகு, அவர்களுடைய சின்ன மகள் தாயின் தோளில் சாய்ந்து, "அம்மா, டீ எப்போது?" என்று கேட்டாள். அந்தத் தாயின் முன்னால் காலி டீக் கோப்பை இருந்தது.

இங்கிலாந்தின் வடக்கே டீ என்றால் மாலைச் சாப்பாடு என்பதும், நண்பகல் சாப்பாட்டுக்குத்தான் டின்னர் என்று பெயர் என்பதும் அன்றிரவு என் மகன் சொல்லித்தான் தெரியவந்தன. அவனுக்குப் பாடசாலையில் எப்போதோ தெரிந்துவிட்டது. நண்பகலில் சாப்பாடு பரிமாறும் பெண்மணி அங்கே 'டின்னர் லேடி'. முன்பே சொல்லியிருந்தால் ஒரு சோறாவது வடித்திருப்பேன். வந்தவர்களை வெறும் வயிற்றோடு அனுப்பிய வெட்கத்தில் எனக்கு ஒரு வாரம் வேலிப் பக்கம் போகவே மனம் வரவில்லை.

அதன் பிறகு இந்தச் சொல்லை நான் சந்தேகத்தோடுதான் பார்க்கிறேன். டீ டவலால் தட்டுத் துடைக்கிறார்கள். இந்த வட்டாரத்தில் டீகேக் என்று கேட்டால் கிடைப்பது வெறும் வட்ட ரொட்டி; அதில் டீயும் இல்லை, கேக்கும் இல்லை. பிடிக்காத எதையும், அது மனிதராகவே இருந்தாலும், 'என் கோப்பை டீ அல்ல' என்று சொல்லிவிடலாம். ஒரு சொல்லுக்குப் பதில் அதற்கு எதுகையானதைச் சொல்லும் லண்டன் கிழக்குப் பகுதிக் கொச்சையில் 'டீ லீஃப்' என்றால் 'தீஃப்', அதாவது திருடன். இதை மட்டும் நான் அம்மாவிடம் சொல்லவில்லை. இலங்கை மலையகத்தில் ஹட்டனுக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் முப்பது ஆண்டுகள் கொழுந்து பறித்தவர் அவர். நாளொன்றுக்குப் பதினெட்டுக் கிலோ நிறுத்தால்தான் முழுப்பேர் என்கிற முழுநாள் கூலி, குறைந்தால் அரைப்பேர் என்ற கணக்கில் கூடை சுமந்தவரிடம், அந்த இலைக்கு இங்கே இப்படியும் ஒரு பொருள் உண்டு என்று எப்படிச் சொல்வது?

சொல்லின் பிறப்பைப் பார்த்தால் எங்களுக்கும் அதில் பங்கு இருக்கிறது. சீனாவின் ஃபுஜியன் கரையில் 'தே' என்று வழங்கியதை டச்சு வணிகர்கள் ஐரோப்பாவுக்குக் கொண்டுவந்தார்கள். ஆங்கிலேயரும் ஒரு காலத்தில் அதை 'டே' என்றே உச்சரித்தார்கள். தேயிலையிலும் தேத்தண்ணியிலும் அந்தப் பழைய 'தே' இன்னும் இருக்கிறது. உச்சரிப்பை மாற்றிக்கொண்டவர்கள் அவர்கள்தாம். இலங்கையின் லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் என்ற வெள்ளைக்காரர் 1867இல் பத்தொன்பது ஏக்கரில் தேயிலை நட்டபோது, மலைகளில் கோப்பிக்காக வந்த எங்கள் ஆட்கள் ஏற்கெனவே இருந்தார்கள். கோப்பியை இலைநோய் அழித்ததும் அவர்களும் தேயிலைக்கு மாறினார்கள்.

டீ எப்படிச் சாப்பாடானது என்பதை நான் இந்த ஊர்த் தெருவிலிருந்துதான் புரிந்துகொண்டேன். லீட்ஸில் முதுகோடு முதுகு ஒட்டிய வரிசை வீடுகள் ஆயிரக்கணக்கில் உண்டு. பின்வாசல் இல்லை, பின்சுவர் அடுத்த வீட்டுக்காரருடையது. முதல் நாள் பார்த்தபோதே, எங்கள் தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடுகளை நினைத்து, இரட்டை லயம் என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். ஆலை வேலை முடிந்து இத்தகைய வீடுகளுக்குத் திரும்பியவர்கள், மேசையில் ஒரு குடுவை டீயை வைத்துக்கொண்டு ரொட்டியும் கிடைத்தால் இறைச்சியும் உண்டார்கள். குடுவையின் பெயரே சாப்பாட்டுக்கும் நின்றுவிட்டது. எங்கள் லயத்துக் காம்பராவிலும், அந்த ஒற்றை அறையிலும், அதே நேரத்தில் அதே காட்சிதான்: அம்மா மலையிலிருந்து இறங்கி, இடுப்பில் கட்டிய நனைந்த படங்குத் துணியை அவிழ்த்துப் போட்டுவிட்டு அடுப்பை ஊதுவார்; கோதுமை மா ரொட்டியும் சம்பலும் தேத்தண்ணியும். மா தீர்ந்த நாட்களில் மட்டும் வெறுந் தேத்தண்ணி. உள்ளங்கையில் ஒரு சிட்டிகைச் சீனியை வைத்து, ஒரு மிடறுக்கு ஒருமுறை நக்கிக்கொண்டே குடித்துவிட்டுப் படுத்துவிடுவோம். இப்போது அந்தச் சீனியின் நறநறப்பு என் நாவில் வந்து நிற்பது எதற்கு என்று தெரியவில்லை. நான் இந்த ஊருக்கு நன்றாகப் பழகிவிட்டவள்.

பழகிவிட்டேன் என்பதற்குச் சான்றாக, பக்கத்து வீட்டாரை மறுபடியும் டீக்கு அழைத்து, சோறும் கோழிக்கறியும் பருப்பும் போட்டு, போதும் போதும் என்று சொல்ல வைத்து அனுப்பினேன். அந்தச் சிறுமி அப்பளத்தை மட்டும் ஐந்து தின்றாள்.

போன ஞாயிறு அம்மாவுடன் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தபோது மகனிடம் கொடுத்தேன். நேத்து ராவுக்கு என்ன சாப்பிட்டாய் என்று அவர் கேட்டிருக்க வேண்டும். "ராவுக்கா அம்மாயி? டீ" என்று சொல்லிவிட்டு அவன் விளையாட ஓடிவிட்டான். நான் வாங்கிக் காதில் வைத்தேன். மறுமுனையில் சிறிது நேரம் சத்தமே இல்லை. பிறகு அம்மா, யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல மெல்லக் கேட்டார்: "ஏன் புள்ள, மா முடிஞ்சிருச்சா?"