நிதித் தலைவருக்குத் தண்ணீர்க் கணக்கும் தெரிய வேண்டும்

முன்பெல்லாம் பெரிய கம்பெனியின் நிதித் தலைவருக்கு லாப நட்டக் கணக்கு, வரி, வங்கிக் கடன் இவை அத்துப்படியாக இருந்தால் போதும். மற்றதை ஃபேக்டரி பார்த்துக்கொள்ளும்.

2022-23 நிதியாண்டிலிருந்து கதை வேறு. சந்தை மதிப்பில் முதல் 1000 இடங்களில் உள்ள நிறுவனங்கள், சுற்றுச்சூழல், ஊழியர் நலன் போன்றவற்றைச் சொல்லும் பி.ஆர்.எஸ்.ஆர். (BRSR) அறிக்கையைக் கட்டாயம் தர வேண்டும் என்பது பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியின் உத்தரவு. அதிலுள்ள கேள்விகளைப் பாருங்கள். நிலத்தடியிலிருந்து எத்தனை கிலோலிட்டர் தண்ணீர் எடுத்தீர்கள்? வெளியே வாங்கியது எவ்வளவு? வேலையை விட்டுப் போனவர்கள் எத்தனை சதவீதம்? ஆண்களின் இடைநிலைச் சம்பளம் (எல்லோரையும் சம்பள வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்பவர் வாங்குவது) என்ன, பெண்களுடையது என்ன? சராசரி கேட்டிருந்தால் மேலே இருக்கும் நாலு பேர் சம்பளத்தை வைத்து ஒப்பேற்றிவிடலாம். இடைநிலையில் அந்தப் பருப்பு வேகாது.

எனக்குத் தெரிந்த நிதித் தலைவர் ஒருவர், ரிட்டயர்மென்ட்டை நெருங்குகிறவர், போர்வெல் மீட்டர் ரீடிங் கேட்டு பிளான்ட் சூப்பர்வைசருக்குத் தானே போன் போட்டார். "அந்த மீட்டர் ஓடி ரொம்ப நாளாச்சு சார்" என்று பதில் வந்தது. மறுநாள் காலை நேராக பிளான்ட்டுக்கே போய்விட்டார்.

போகாமல் என்ன செய்வார்? 2023-ல் செபி இன்னொரு படி ஏறி, முக்கியமான எண்களை வெளியார் சரிபார்க்க வேண்டும் என்றது, முதல் 150 கம்பெனிகளிலிருந்து தொடங்கி. குத்துமதிப்பாக எழுதினால் மாட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

இதற்கென்று நட்சத்திர ஓட்டலில் இரண்டு நாள் வகுப்பு நடத்தி சர்டிஃபிகேட்டும் தருகிறார்கள். எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை. தனக்குத் தெரியாததை ஷாப் ஃப்ளோரில் நின்று கூச்சப்படாமல் கேட்கிற பழக்கத்தை அங்கே எங்கே சொல்லித்தரப் போகிறார்கள்?

சரி, உங்கள் ஆபீசில் இந்த எண்களையெல்லாம் யார் திரட்டுகிறார்கள்? ஃபைனான்ஸா, எச்.ஆரா, இல்லை புதிதாகச் சேர்ந்த டிரெயினி தலையில் கட்டிவிட்டார்களா?