70 எழுத்துக்குள் ஓர் அலை எச்சரிக்கை: பாம்பன் – பிராகு நாட்குறிப்பு

20 ஜனவரி 2025, பாம்பன்

யூரோபைதானுக்கு உரைக்கான முன்மொழிவு அனுப்பும் காலம். பைதான் என்ற நிரல்மொழியில் வேலை செய்கிறவர்கள் கூடும் மாநாடு இது, 2002-ல் பெல்ஜியத்தின் சார்லெராயில் தொடங்கியது. இந்த ஆண்டு ஜூலை 14 முதல் 20 வரை செக் நாட்டுத் தலைநகர் பிராகில். முதல் இரண்டு நாள் பயிலரங்கு, அடுத்த மூன்று நாள் உரைகள், கடைசி இரண்டு நாள் எல்லாரும் கூடி உட்கார்ந்து நிரல் எழுதும் ஸ்பிரிண்ட். எடுத்து நடத்துகிறவர்கள் தன்னார்வலர்கள்.

இங்கிருந்து எழுதுகிறவர்கள் பெரும்பாலும் தலைப்பிலேயே தடுமாறுகிறார்கள். ‘தமிழும் கணினியும்’ என்று கடலளவு விரித்துவிட்டால் தேர்வுக் குழுவுக்குப் பிடி கிடைக்காது. ஒரே ஒரு சிக்கல், அது எங்கே உதைக்கிறது, கேட்டுவிட்டுப் போகிறவர் மறுநாள் தன் நிரலில் எதை மாற்றுவார் என்ற மூன்றும் முதல் ஐந்து வரிக்குள் தெரிய வேண்டும். நம் கரையில் அப்படி ஒரு சிக்கல் கையிலேயே இருக்கிறது: மீனவர் கைப்பேசிக்குத் தமிழில் போகும் அலை எச்சரிக்கை எஸ்எம்எஸ். தலைப்பு இதுதான்: ‘70 எழுத்துக்குள் ஓர் அலை எச்சரிக்கை’.

2 பிப்ரவரி

உரையின் உயிர் இந்தக் கணக்கில் இருக்கிறது, அதனால் விரிவாக.

ஒரு எஸ்எம்எஸ்ஸில் செய்திக்கு உள்ள இடம் 140 பைட். ஆங்கிலம் 7 பிட்டில் அடங்குவதால் 160 எழுத்து பிடிக்கும். தமிழுக்கு ஒவ்வொரு குறிக்கும் 2 பைட், ஆகவே 70. செய்தி நீண்டு துண்டானால் ஒவ்வொரு துண்டிலும் 6 பைட், துண்டுகளை மறுபடி சேர்க்க உதவும் முன்குறிப்புக்குப் போய் 67 குறிகளே மிஞ்சும்.

மாதிரிச் செய்தி:

தென்கடலில் அலை 3 மீட்டர் வரை. படகுகள் செல்ல வேண்டாம். மண்டபம், பாம்பன்

கண்ணால் எண்ணினால், இடைவெளியும் புள்ளியும் சேர்த்து 48. கணினி எண்ணினால் சரியாக 70. ‘செ’ என்பது நமக்கு ஓர் எழுத்து, ஆனால் எல்லா மொழி எழுத்துக்கும் கணினியில் எண் தரும் யூனிகோடில் ச ஒன்று, எகரக் குறி ஒன்று. ‘ன்’ என்பதில் ன ஒன்று, புள்ளி ஒன்று. கடைசியில் ஒரு முற்றுப்புள்ளி வைத்தால் 71 ஆகி இரண்டு எஸ்எம்எஸ் செலவாகும்.

மேடையில் காட்ட ஒரே சொல் போதும்: தொண்டி. நம் மாவட்டத்தின் வடகரை ஊர். மனிதருக்கு 3 எழுத்து. பைதானில் நீளம் கேட்டால் 6. ரஸ்ட் என்ற நிரல்மொழியில் கேட்டால் 18, ஏனென்றால் அது பைட்டை எண்ணுகிறது. அது உரையைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறை எஸ்எம்எஸ் முறையிலிருந்து வேறு, அதில் தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் 3 பைட். ஸ்விஃப்ட் மொழி மட்டும் 3 என்று நம்மைப் போலவே சொல்லும்.

இதற்குள் இன்னொரு கண்ணி. ‘தொ’வை இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ஒகரக் குறி முழுதாக ஒன்று, அல்லது முன்னால் ஒற்றைக்கொம்பும் பின்னால் காலும் தனித்தனியாக. திரையில் இம்மி வேறுபாடு தெரியாது. ஆனால் இரண்டாவது வகையில் பைதானுக்கு 7, ரஸ்டுக்கு 21. இரண்டும் சமமா என்று பைதானைக் கேட்டால் இல்லை என்று சொல்லும். ஊர்ப் பட்டியலில் தொண்டியைத் தேடினால் கிடைக்காமல் போவது இதனால்தான். மருந்து எளிது: உள்ளே வரும் எல்லா உரையையும் வாசலிலேயே பைதானின் யூனிகோட்டேட்டா தொகுதியால், பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றிவிட வேண்டும்.

அந்த மருந்துக்கும் கேளாத நோய் ஒன்று உண்டு. ‘கௌ’ என்று அடிக்க வேண்டிய இடத்தில் பலர் கெ, ள என்று அடிக்கிறார்கள். பார்வைக்கு ஒன்றே. ள தனி எழுத்து என்பதால் என்எஃப்சி அதைத் தொடாது. சரி, ‘கெள’ வந்தால் எல்லாவற்றையும் ‘கௌ’ ஆக்கிவிடலாம் என்று நிரல் எழுதினால் கெளுத்தி மீன் சிதைந்துபோகும். அகராதி இல்லாமல் இதைத் தீர்க்க முடியாது. உரையில் இதை மறைக்காமல் சொல்ல வேண்டும்.

9 பிப்ரவரி

எழுத்தை எழுத்தாக எண்ண: பைதானோடு வரும் ரீ என்ற உரைத்தேடல் தொகுதியில் வழியில்லை. தனியாக நிறுவும் ரெஜெக்ஸ் தொகுதியில் உண்டு. ஓப்பன்-தமிழ் நிரலகமும் எழுத்தாகப் பிரித்துத் தரும். க்ஷ-வை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும், யூனிகோட் விதி அதை இரண்டாகவே எண்ணுகிறது.

அகர வரிசையும் இப்படித்தான். யூனிகோடில் ன, ந-வுக்கு அடுத்து நிற்கிறது. நம் நெடுங்கணக்கில் அது கடைசி. வெறுமனே வரிசைப்படுத்தினால் ‘பானை’ முன்னாலும் ‘பாம்பன்’ பின்னாலும் வரும். மொழிக்கு ஏற்ற அகர வரிசை தெரிந்த ஐசியு நிரலகம் சரி செய்யும். உரையில் இதற்கு ஒரு நிமிடம் போதும்.

8 ஏப்ரல்

நேற்று முன்தினம் புதிய பாம்பன் பாலம் திறந்தாயிற்று. 2022 டிசம்பரிலிருந்து கடலைத் தாண்டாமல் நின்ற ரயில் மறுபடி ராமேஸ்வரம் வரை வருகிறது. விசா விரல்ரேகைக்கும் விமானத்துக்கும் இனி இங்கேயே ரயில் ஏறிவிடலாம்.

விசாவில் தமிழர்கள் கவனிக்க வேண்டியது பெயர். நம்மிடம் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். பாஸ்போர்ட்டில் சிலருக்கு அப்பா பெயர் குடும்பப் பெயர் இடத்தில் இருக்கும், சிலருக்கு அந்த இடமே காலி. மாநாட்டு அழைப்புக் கடிதம், விமானச் சீட்டு, காப்பீடு, தங்குமிட ரசீது நான்கிலும் பாஸ்போர்ட்டில் உள்ள பெயர் எழுத்துக்கு எழுத்து அப்படியே இருக்க வேண்டும். காலியாக இருந்தால் விமான நிறுவனத்தைக் கேட்டுவிட்டே சீட்டு எடுக்க வேண்டும், ஒவ்வொருவருக்கும் ஒரு வழக்கம். கழுத்து அட்டையில் மட்டும் கூப்பிடும் பெயரைப் போட்டுக்கொள்ளலாம்.

ஷெங்கன் குறுகிய கால விசாவுக்கு: பாஸ்போர்ட் 10 ஆண்டுக்குள் எடுத்ததாக, திரும்பும் நாளுக்குப் பின்னும் 3 மாதம் செல்லுபடியாக, இரண்டு பக்கமாவது காலியாக இருக்க வேண்டும். படம் 35-க்கு 45 மில்லிமீட்டர். மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு. கட்டணம் 90 யூரோ. பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். முடிவு வர 15 நாள், இழுத்தால் 45. ஜூலைப் பயணத்துக்கு மே மாதம் தாண்டக் கூடாது. கைச்செலவு கட்டாது என்றால் மாநாட்டின் நிதியுதவிக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். கேட்பதில் கூச்சம் வேண்டாம், அதற்கென்றே ஒதுக்கிய பணம் அது.

16 ஏப்ரல்

தடைக்காலம் தொடங்கிவிட்டது. ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு எதுவும் போகாது, வத்தை, வல்லம் போன்ற நாட்டுப்படகுகள் மட்டும். படகுக்காரர்கள் கரையில் இருக்கும் காலம் என்பதால் செய்தியைப் படித்துக் காட்ட ஏற்ற வேளை.

படித்துக் காட்டினால் உடனே தெரிவது, ‘செல்ல’ என்று கரையில் ஒருவரும் சொல்வதில்லை. ‘கடலுக்குப் போகாதீங்க’ என்பதுதான் பேச்சு. இதைவிடக் கனமான குறை ஒன்று உண்டு. தமிழில் வினை கடைசியில் வரும், மறுப்பும் அதோடுதான் வரும். செய்தி நடுவில் வெட்டுப்பட்டால் ‘படகுகள் செல்ல’ என்று நின்றுவிடும். ‘வேண்டாம்’ கிடைக்காமலே போகும். ஆங்கிலச் செய்தியில் மறுப்பு முன்னாலேயே வந்துவிடுவதால் அந்த ஆபத்து குறைவு. பிராகில் இருக்கிறவர்களுக்கு நாம் கொண்டுபோகும் புதுச் சரக்கு இதுதான்: நீளத்தை அளந்தால் போதாது, வெட்டுப்படும் இடத்தில் பொருள் தலைகீழாகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

திருத்திய செய்தி:

கடலுக்குப் போகாதீங்க. தென்கடலில் அலை 3 மீட்டர். மண்டபம், பாம்பன். 16/7

கண்ணுக்கு 49. கணினிக்கு 70, ஒரு குறி மிச்சமில்லை. ஆனால் ‘போ’வின் ஓகாரக் குறி கொம்பும் காலுமாகப் பிரிந்து சேமிக்கப்பட்டிருந்தால் 71. துண்டாக்கும் நிரல் ‘16/7’ஐத் தனியே இரண்டாவது எஸ்எம்எஸ்ஸில் தள்ளும். வெறுமனே 70-ல் வெட்டும் நிரல் ‘16/’ என்று தேதியை அறுத்துவிடும். பிப்ரவரியில் பார்த்த அதே கண்ணி, இந்தத் தடவை கடலுக்குப் போகிறவர் கையில்.

25 மே

கச்சான் வீசத் தொடங்கிவிட்டது, தென்கடல் கொந்தளிப்பு. மாடியில் உட்கார்ந்து வேலை செய்ய முடியாது. உரைக்கான ஸ்லைடுகள் உள்ளேயிருந்துதான்.

தமிழ் காட்டும் ஸ்லைடுகளில் கெடுவது எழுத்துரு. நிரல் காட்டும் சம அகல எழுத்துருக்களில் பெரும்பாலும் தமிழ் இருப்பதில்லை. கறுப்புத் திரை முனையத்தில் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் என்று சிதறும். அதனால் நேரடியாக முனையத்தில் ஓட்டிக் காட்டுவதைக் கைவிட்டு, உலாவியில் ஓட்டிப் படம் பிடித்து வைப்பது நல்லது. நோட்டோ சான்ஸ் தமிழ் போதும். பிடிஎஃப் ஆக்கும்போது எழுத்துருவை உள்ளேயே பதிக்க வேண்டும். பிறகு தமிழ் எழுத்துரு இல்லாத ஒரு கணினியில் திறந்து பார்க்க வேண்டும். சொந்தக் கணினியில் சரியாகத் தெரிவது சோதனை ஆகாது.

தமிழ் தெரியாத கண்ணுக்கு ‘தொ’ வெறும் கோலம். த கறுப்பு, கொம்பும் காலும் சிவப்பு என்று வண்ணம் பிரித்தால் ஒரே குறி எழுத்தின் இரு பக்கமும் போய் நிற்பது ஒரு நொடியில் பிடிபடும். வரைபடம் ஒன்றே ஒன்று: மேலே பாக் விரிகுடா, கீழே மன்னார் வளைகுடா, நடுவில் பாம்பன். வடக்கே அமைதியான பெண்கடல், தெற்கே முரட்டு ஆண்கடல். இதற்கு 30 வினாடி.

15 ஜூன்

நள்ளிரவோடு தடை முடிந்தது. ஒத்திகை நாள்.

30 நிமிட இடத்தில் 25 பேச, 5 கேள்விக்கு. நிமிடத்துக்கு 110 சொல் வேகம் வைத்தால் 2,700 சொல்லுக்கு மேல் எழுதக் கூடாது. பதற்றத்தில் எல்லாரும் வேகம் கூட்டுவார்கள், அதற்குத்தான் இந்த இடைவெளி. 8-ம் நிமிடத்தில் தொண்டி முடிந்திருக்க வேண்டும், 15-ல் எச்சரிக்கைச் செய்தி. பிந்தினால் எந்த ஸ்லைடைத் தாண்டுவது என்று இப்போதே குறித்துக்கொள்ள வேண்டும். அகர வரிசை ஸ்லைடுதான் அது.

‘இது எல்லாருக்கும் தெரிந்ததுதான்’, ‘ரொம்பச் சுலபம்’ என்ற பேச்சை உரையிலிருந்து எடுத்துவிட வேண்டும். தெரியாமல் வந்தவர் அந்த நொடியில் கேட்பதை நிறுத்திவிடுவார். நட்பான மாநாடு என்று பெயர் வருவதே இப்படிப்பட்ட சின்னச் சொற்களால்தான். நிரலாளர்கள் கூடிப் பயிலும் நியூயார்க்கின் ரிகர்ஸ் சென்டர் ‘இதுகூடத் தெரியாதா’ என்று வியப்புக் காட்டுவதையே விதியில் தடுத்து வைத்திருக்கிறது.

8 ஜூலை

மூட்டை கட்டுதல். செக் நாட்டுச் சுவரில் நம் மூன்று முள் பிளக் ஏறாது, மாற்றி வேண்டும். மின்னழுத்தம் 230 வோல்ட்தான், பயமில்லை. எச்டிஎம்ஐ, யூஎஸ்பி-சி இணைப்பி இரண்டும் சொந்தமாக. ஸ்லைடுகள் கணினியில் ஒன்று, பென்டிரைவில் ஒன்று, மின்னஞ்சலில் ஒன்று.

தின்பண்டத்தில் ஐரோப்பிய ஒன்றியம் பாலும் இறைச்சியும் விடாது. நெய்யில் செய்த இனிப்பு, பால்கோவா வேண்டாம். கருவாட்டுக்கு 20 கிலோ வரை தடையில்லை. ஆனால் தங்கும் அறையை நினைத்துப் பார்க்க வேண்டும்! சுக்குக் கருப்பட்டியே மேல். நசுங்காது, ஊசாது, இடைவேளையில் நீட்டினால் பேச்சு தானாகத் தொடங்கும்.

13 ஜூலை, பிராகு

விமான நிலையத்திலிருந்து 59-ம் எண் டிராலி பஸ், நாத்ராஷி வெலெஸ்லாவீன் நிலையம் வரை. அங்கே மெட்ரோ ஏ தடம், முசேயும் நிலையத்தில் சி தடத்துக்கு மாறி விஷெஹ்ராத். மாநாடு நடக்கும் காங்கிரஸ் மையம் அதன் வாசலிலேயே. காகிதச் சீட்டை மஞ்சள் பெட்டியில் முத்திரையிட வேண்டும், இல்லாவிட்டால் கையில் சீட்டிருந்தும் அபராதம். பணம் கொருனா, யூரோ அல்ல. குழாய்த் தண்ணீர் குடிக்கலாம். இரவு 9 மணிக்குத்தான் பொழுது சாய்கிறது, தூக்கத்தைக் கடிகாரம் பார்த்தே வைத்துக்கொள்ள வேண்டும்.

16 ஜூலை

உரைகள் பதிவாகி இணையத்தில் வரும். தாழ்வாரப் பேச்சு வராது. ஆகவே நாளில் இரண்டு உரையையாவது விட்டுவிட்டு வெளியே நிற்பது நஷ்டமில்லை. வட்டமாக நின்று பேசும்போது ஓர் ஆள் நுழையும் அளவு இடம் விட்டு நிற்பது இங்கே வழக்கம். எரிக் ஹோல்ஷர் எழுதிய ‘பேக்மேன் விதி’ அது. தனியாக வந்தவர் அந்த இடைவெளியைப் பார்த்து வந்து நிற்கலாம், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. வந்தவருக்குப் பேச்சு எதைப் பற்றி என்று ஒரு வரி சொல்லி, மறுபடி ஓர் இடம் விட வேண்டும். நம் ஊர் டீக்கடை பெஞ்சில் ‘தள்ளி உட்காருங்கண்ணே’ என்றதும் ஒதுங்குவார்கள், இங்கே கேட்குமுன் ஒதுங்கி நிற்கிறார்கள்.

மின்னல் உரைக்கு 5 நிமிடம்தான். நேரம் முடிந்ததும் அரங்கமே கைதட்டும், வாக்கியம் நடுவில் நின்றாலும் இறங்கிவிட வேண்டும். முதல் தடவை பேசுகிறவருக்கு ஏற்ற மேடை.

17 ஜூலை

உரைக்கு முந்தைய இடைவேளையிலேயே மேடைக்குப் போய்க் கணினியை இணைத்துப் பார்க்க வேண்டும். அறிவிப்புகளை அணைத்து, திரை உறங்குவதை நிறுத்தி, கடைசி வரிசையில் போய் நின்று கொம்பும் காலும் தெரிகிறதா என்று ஒரு தடவை பார்க்க வேண்டும். காதில் மாட்டும் மைக் கன்னத்தில் உரசினால் பதிவு பாழ். கேட்ட கேள்வியை மைக்கில் திருப்பிச் சொல்லிவிட்டே பதில் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் பதிவில் பதில் மட்டும்தான் இருக்கும். ஊரிலிருந்து இணையத்தில் கேட்கிறவர்களுக்கு நேரக் கணக்கு: பிராகு காலை 10:30 என்றால் பாம்பனில் பிற்பகல் 2.

எதிர்பார்க்க வேண்டிய கேள்வி: ‘எஸ்எம்எஸ் எதற்கு, குரலில் சொல்லலாமே?’ சொல்கிறார்கள். பாம்பனில் கடல் ஓசை என்று மீனவருக்கான சமுதாய வானொலியே இருக்கிறது, 90.4-ல். ஆனால் ஒலிபரப்பு அந்த நேரத்தோடு போய்விடும். எஸ்எம்எஸ் பெட்டியில் கிடக்கும், விடிகாலை வலை ஏற்றும்போது திறந்து பார்க்கலாம்.

19 ஜூலை

ஸ்பிரிண்ட். பெரிய நிரல்களஞ்சியங்களை விடுதியிலேயே முந்தின இரவு இறக்கி வைத்துக்கொள்ள வேண்டும். நூறு பேர் ஒரே நேரத்தில் இழுத்தால் அரங்க வைஃபை நகராது. புதியவர்களுக்கென்று குறித்து வைத்த சிக்கல்களிலிருந்து ஒன்றை எடுத்து, பக்கத்தில் இருப்பவரோடு சேர்ந்து செய்வதே முறை.

உரையைக் கையாளும் எந்தத் திட்டத்துக்கும் இங்கிருந்து ஒரு சோதனைக் கோப்பு கொடுக்கலாம். எட்டு வரி, அவ்வளவுதான். தொண்டி, ஒகரக் குறி முழுதாக. தொண்டி, கொம்பும் காலும் தனியாக. கௌ. கெளுத்தி. க்ஷ. பாம்பன், அதன் கீழே பானை. கடைசி வரியாக, நாளோடு சேர்த்து 70 குறியில் அந்த எச்சரிக்கை.