பாம்பன் கரையில் எது மேல், எது கீழ்?

பாம்பனுக்கு எத்தனையோ தடவை போயிருக்கிறேன். பஸ் பாலத்தில் ஏறியதும் எல்லோரையும் போல ரயில் பாலத்தைப் பார்ப்பேன், கடலைப் பார்ப்பேன், நேராக ராமேஸ்வரம் போய்விடுவேன். வடக்குக் கரையோரம் கரடுமுரடாக ஒரு பாறைத் திட்டு கிடப்பது கண்ணில் பட்டிருக்கும்தான், இறங்கிப் பார்க்கத் தோன்றியதில்லை. இந்த முறை கூட வந்தது பெரியப்பா மகன், நிலவியல் படித்தவர். "கோயிலுக்குச் சாயங்காலம் போவோம்டா, முதல்ல கல்லைப் பாரு" என்று பாம்பனிலேயே இறக்கிவிட்டார்.

கடல் வற்றியிருந்த நேரம். செருப்பில்லாமல் அந்தப் பாறையில் கால் வைக்க முடியாது, அவ்வளவு கூர்மை. முழுக்கப் பவளம், செத்துக் கல்லாகிப்போன பவளம். குத்துக்கால் போட்டு உட்கார்ந்து முகத்தைக் கிட்டத்தில் கொண்டுபோனால் குண்டூசித் தலை அளவில் ஆயிரக்கணக்கான குழிகள், தேனடை மாதிரி. ஒவ்வொரு குழியிலும் ஒரு உயிர் குடியிருந்திருக்கிறது. பொரைட்டிஸ் என்ற வகை, ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் போலத்தான் வளருமாம். அறுத்து எக்ஸ்ரே எடுத்தால் மர வளையம் போல வருஷ வரிகள் தெரியும் என்றார். நான் கை வைத்திருந்த குமிழ் முழங்கால் உயரம் இருந்தது. அப்படியானால் அது ஏறக்குறைய ஐம்பது வருஷ வளர்ச்சி.

"சரி, சொல்லு. இது நின்ன இடத்துலேயே செத்ததா, அலை கொண்டுவந்து போட்டதா?"

1964 புயல் தூக்கிப் போட்டிருக்கும் என்றேன். தனுஷ்கோடியையே கொண்டுபோன புயலாச்சே, இதைத் தூக்காதா? அண்ணன் ஒன்றும் சொல்லாமல் குமிழின் அடியைத் தடவிப் பார்க்கச் சொன்னார். அடி கீழ்ப்பாறையோடு ஒட்டிப் பிடித்திருந்தது, வளைந்த முகம் வானத்தைப் பார்த்திருந்தது. பக்கத்தில் இருந்ததும் அப்படியே, அதற்கு அடுத்ததும் அப்படியே. அலை உருட்டிப் போட்டிருந்தால் ஒன்று குப்புற, ஒன்று சரிந்து, ஒன்று மல்லாந்து என்று கண்டபடி கிடக்கும். இவை பிறந்த இடத்திலேயே வளர்ந்து அங்கேயே செத்தவை. பவளத்துக்கு மணிக்கணக்கில் வெயில் தாங்காது, அதனால் அவை உயிரோடு இருந்த காலத்தில் கடல் இந்தத் தலைகளுக்கு மேலே நின்றிருக்க வேண்டும். கல்லின் நிலையை மட்டும் வைத்து இவ்வளவு தூரம் வந்துவிடலாம் என்பது எனக்குப் பெரிய ஆச்சரியம்.

வயதுக்குத்தான் ஆய்வகம் வேண்டும். ஸ்டாடர்ட், கோபிநாத பிள்ளை என்ற இருவர் ராமநாதபுரத்தின் இந்த உயர்ந்த பவளத் திட்டுகளைப் பற்றி 1972-ல் கட்டுரை எழுதியிருக்கிறார்கள், செத்த உயிரில் மிஞ்சியிருக்கும் கார்பனை அளந்து வயது சொல்லும் ரேடியோ கார்பன் கணக்குப்படி சுமார் 4000 ஆண்டு. கடல் இறங்கியதா, தரை எழும்பியதா என்பதை ஒரே கரையைப் பார்த்துச் சொல்லிவிட முடியாது, அதே வயதுப் பவளம் மற்ற கரைகளில் எந்த உயரத்தில் நிற்கிறது என்று ஒத்துப் பார்க்க வேண்டும். அதற்கும் முன்னே, சுமார் 20,000 ஆண்டுக்கு முந்திய பனிக்காலத்தில் கடல் இப்போதைவிட 120 மீட்டர் அளவுக்குக் கீழே இருந்திருக்கிறது. பாக் நீரிணையோ ஆழம் குறைந்த கடல். அப்போது இங்கிருந்து இலங்கைக்கு நடந்தே போயிருக்கலாம்!

கரைப்பக்கம் ஓரிடத்தில் மழுங்கிப்போன பவளத்தின் மேல் மணல் படிந்திருந்தது. இரண்டுக்கும் நடுவே விரலால் தொட்டுக் காட்டக்கூடிய ஒரு கோடு, அவ்வளவுதான். பவளம் செத்து, அலை அதைத் தேய்த்து, அப்புறம் மணல் வந்து மூடியது வரைக்கும் உள்ள காலம் முழுவதும் அந்தக் கோட்டுக்குள் இருக்கிறது, ஆனால் எழுதப்படாமல் இருக்கிறது. பதிவு இல்லாத இடத்தைக் கண்டுபிடிப்பதும் இவர்கள் வேலைதான் என்றார். ஸ்காட்லாந்தில் சிக்கார் பாயின்ட் என்ற கரையில், செங்குத்தாக நிற்கும் அடுக்குகள் மேல் சாய்ந்து படுத்திருந்த வேறு அடுக்குகளை 1788-ல் நிலவியலாளர் ஜேம்ஸ் ஹட்டன் பார்த்ததும் இதே மாதிரி ஒரு கோட்டைத்தானாம், பூமியின் வயது மனிதக் கணக்குக்கு அடங்காது என்று அவர் முன்பே சொல்லிவந்ததற்கு அது கண்கூடான சாட்சியானது. அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் நான் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். பாசி எடுத்துவிட்டுக் கரையேறிய அக்கா ஒருவர், "என்ன தம்பி, எதையும் தொலைச்சிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

மத்தியானம் தனுஷ்கோடி. குடிதண்ணீருக்கு மணலில் தோண்டிய ஊற்று ஒன்றின் ஓரத்தை அண்ணன் கையால் சீவிவிட்டார். மேலே வெளிறிய மணல், கீழே கரும்பட்டை ஒன்று, அதற்கும் கீழே சிப்பித் தூள். கரும்பட்டை இல்மனைட் மாதிரியான கனமான மணலாம், வேகமான அலை லேசான மணலை அரித்துக்கொண்டு போன பிறகு மிஞ்சியது. கீழே இருப்பது முந்தியது, மேலே இருப்பது பிந்தியது. 1669-லேயே டென்மார்க் அறிஞர் ஸ்டெனோ எழுதிவைத்த விதி, ஆனால் கலைக்கப்படாத அடுக்குக்கு மட்டும்தான் செல்லும். அதனால்தான் முதல் கேள்வி எப்போதும் எது மேல், எது கீழ் என்பது.

திரும்பும்போது டீக்கடையில் நின்றோம். பழைய சுவர், காரை உதிர்ந்த இடத்தில் உள்ளே பவளக்கல். ஒரு காலத்தில் இந்தப் பக்கம் வீட்டுக்கும் சுண்ணாம்புக்கும் இதைத்தான் வெட்டினார்கள், இப்போது பவளத்தை எடுப்பது குற்றம். கிளாஸைக் கீழே வைத்துவிட்டு அந்தக் குழிகளைத் தேடினேன். வளைவு தரையைப் பார்த்திருந்தது.

"அண்ணே, கொத்தனார் இதைத் தலைகீழா வச்சிருக்காரு."

அண்ணன் டீயோடு எழுந்து வந்து பார்த்தார். "ஆமாடா" என்றார்.