தரங்கம்பாடியில் கோட்டையை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள்

மயிலாடுதுறையில் பஸ் ஏறி, ஆக்கூர், திருக்கடையூர் எல்லாம் தாண்டி தரங்கம்பாடியில் இறங்கும்போது காலை எட்டு மணி. வெயில் ஏறுவதற்குள் போய்ச் சேர வேண்டும் என்றுதான் அவ்வளவு சீக்கிரம் கிளம்பினேன். பழைய நகர வாசலைக் கடந்து ராஜ வீதியில் நுழைந்தால் தெருக்கோடியில் கடல் தெரியும். அந்த ஒரு காட்சிக்காகவே வரலாம்.

தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் அனுமதி வாங்கி டேனிஷ்காரர்கள் 1620-இல் இங்கே கோட்டை கட்டத் தொடங்கினார்கள். டென்மார்க் அரசருக்கு நாயக்கர் தங்கத் தகட்டில் தமிழில் எழுதி அனுப்பிய கடிதம் இன்றும் கோபன்ஹேகனில் இருக்கிறது. 1845-இல் ஊரையே ஆங்கிலேயர்களுக்கு விற்றுவிட்டுப் போய்விட்டார்கள். கோட்டை நன்றாகவே இருக்கிறது, மேலே ஏறினால் காற்று ஆளைத் தள்ளுகிறது, வருகிறவர்கள் எல்லாரும் அங்கேதான் போட்டோ எடுக்கிறார்கள்.

ஆனால் என் மனது நின்றது பக்கத்தில் இருக்கும் மாசிலாமணி நாதர் கோயிலில். 1306-இல் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் கட்டியது, அதாவது டேனிஷ்காரர்கள் வருவதற்கு முந்நூறு வருடங்களுக்கு முன்பே இருந்தது. கடல் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே வந்து பெரும்பகுதியை எடுத்துக்கொண்டுவிட்டது. மிச்சம் இருப்பதைக் காப்பாற்றக் கருங்கற்களைக் கொட்டி வைத்திருக்கிறார்கள். அந்தக் கற்களில் உட்கார்ந்து வலையின் கிழிசலைச் சரிசெய்துகொண்டிருந்த ஒரு பெரியவர், "கோயிலுக்கு முன்னாடி இன்னும் எவ்வளவோ தூரம் நிலம் இருந்துச்சுன்னு எங்க தாத்தா சொல்வாருப்பா" என்று கையைக் கடலை நோக்கி நீட்டினார். அவர் காட்டிய இடத்தில் ஒரு பைபர் படகு ஆடிக்கொண்டிருந்தது. அதையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சுவரில் எழுத்துகள் இருக்கின்றன. உப்புக் காற்று அரித்து, சில இடங்களில் விரலால் தடவினால்தான் வளைவு தெரிகிறது, கண்ணுக்குத் தெரியவில்லை. எனக்கு 'ம' மாதிரி ஒன்று, அப்புறம் ஒரு நெடில் கால், அவ்வளவுதான் பிடிபட்டது. சுனாமி வந்த 2004-க்குப் பிறகும் இந்தச் சுவர் நிற்கிறதே என்று நினைத்தபோது தொண்டை அடைத்தது.

எழுத்து என்றதும் ஜெர்மனியிலிருந்து வந்த பாதிரியார் சீகன்பால்கு நினைவுக்கு வந்தார். 1706 ஜூலையில் இதே கரையில் இறங்கியவர், திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் கற்றார். பிறகு இங்கேயே அச்சுக்கூடம் வைத்துத் தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தார். இறக்கும்போது அவருக்கு வயது 36. அவர் 1718-இல் கட்டி முடித்த புதிய எருசலேம் தேவாலயம் ராஜ வீதியில்தான் இருக்கிறது, உள்ளேதான் அவரை அடக்கம் செய்திருக்கிறார்கள். கதவு திறந்திருந்தது, பத்து நிமிடம் சும்மா உட்கார்ந்துவிட்டு வந்தேன்.

நேரம் இருந்தால் இரண்டு மணி நேரமாவது கோயில் பக்கம் ஒதுக்குங்கள். கற்கள் வழுக்கும், செருப்பைப் பார்த்துப் போட்டுக்கொண்டு வாருங்கள். அடுத்த மாதம் அப்பாவை அழைத்துக்கொண்டு மறுபடி போகிறேன். அவருக்குக் கல்வெட்டு எழுத்து கொஞ்சம் படிக்கத் தெரியும், அந்த 'ம'-வுக்கு அடுத்து என்ன இருக்கிறது என்று அவரிடம் கேட்க வேண்டும்.